சரோஜம்மா கடையின் மலைப்படம்

இது ஓய்வு பெற்றவன் எழுதும் கட்டுரை. எனக்கு வயது முப்பத்து நான்கு. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். பழைய தாள்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. தாளில் குடியிருந்த பூஞ்சை என் நெஞ்சிலும் குடிவந்துவிட்டது. அந்த அறையை விட்டால்தான் மூச்சு விட முடியும் என்று டாக்டர் சொன்னார். சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அறுபது வயதுக்காரருக்கு நடக்கிற மாதிரியே எல்லாம் நடந்தது. இப்போது அரக்கோணத்தில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறேன்.

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் போன் செய்தான். அங்கே இப்போது பெரிய ஸ்கேனர் வந்திருக்கிறது. "அண்ணா, சரோஜம்மா கடையிலேர்ந்து கேட்டு வாங்கியாந்து அந்த மலைப்படத்த ஸ்கேன் பண்ணிகினு கீறோம். எலையெல்லாம் ஒரே பழுப்பா கீது. கம்ப்யூட்டர்ல பச்சையாக்கிடட்டா? நிமிஷத்து வேல" என்றான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்ல வரவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதனால் எழுதுகிறேன்.

நான் அம்மையார்குப்பத்துக்காரன். வீட்டில் எல்லோருக்கும் தறி. எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். தேர்வுத் தாளில் என் பெயரை நானே எழுதினேன் என்பதை என் அப்பா ஒரு வாரம் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரி, அதற்குப் பிறகு சென்னையில் தாள் பாதுகாப்புப் பயிற்சி என்று சில வருடங்கள் போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறைய எச்சில் விழுங்கினேன், நிறையக் குறிப்பெடுத்தேன். வேலை கிடைத்ததும் அம்மா கேட்டது மட்டும் நினைவிருக்கிறது: "காயிதத்துக்கு ஒட்டு போடறதுக்கு இத்தினி படிப்பா நைனா?"

வேலை திருத்தணிக்கு வெளியே, ஒரு மருந்தியல் கல்லூரியின் பின்கட்டில். மருந்துக் கடைகளின் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் கூடம் அது. பழைய பீங்கான் ஜாடிகள், மருந்து அரைக்கும் கல்வங்கள், மாத்திரை உருட்டும் பலகைகள், கண்ணாடி மூடி போட்ட புட்டிகள் எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் உலகம்: மூலிகைப் படங்கள் போட்ட பழைய வரைபடங்கள்.

அவற்றை முதன்முதலில் விரித்துப் பார்த்த நாளை எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த வரைபடத்தில் கோடுகளும் புள்ளிகளும்தான் இருந்தன. இவற்றில் ஊருக்குப் பதில் செடி நின்றது. நீலகிரி இருக்க வேண்டிய இடத்தில் சிங்கோனா மரம் பட்டை உரிந்து நின்றது. திருநெல்வேலியின் மேல் நிலாவாரைக் கொத்து. காய்ச்சலுக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து தேடி யார் யாரோ இந்த மண்ணை எட்டு வைத்து அளந்திருக்கிறார்கள். ஆறுகள் ஓடிய தடத்தை விடக் கவனமாக வேர்கள் ஓடிய தடத்தை வரைந்திருக்கிறார்கள். நம் நாட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று அன்று தோன்றியது. அப்படித் தோன்றியது சந்தோஷமாகவும் இருந்தது.

எங்கள் தலைவி கோமதி மேடம். மதுரைப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வேலையில் ஒருவன் தப்பாகப் போகிறான் என்றால் பக்கத்தில் வந்து நிற்பார். அவன் கையில் இருக்கும் கத்தியையோ தூரிகையையோ மெதுவாக வாங்கி மேசைமேல் நேராக வைப்பார். "டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான். வெளியே போய் டீ குடிக்கும்போது நம் தப்பு நமக்கே தெரியும். அங்கே வேலை செய்த யாருக்கும் டீ பிடிக்காமல் போனதற்கு அவர்தான் காரணம்.

எதையும் தொடுவதற்கு முன் அவர் செய்கிற ஒரு காரியம் உண்டு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படத்துக்கு எதிரே உட்காருவார். கைகள் இரண்டும் மடியில். அரை நாள்கூட அப்படியே இருப்பார். தச்சு வேலைக்கும் தூக்கிச் சுமப்பதற்கும் எங்களோடு இருந்த பாபு, "மேடம் படம் பாக்கறாங்களா, படம் மேடத்த பாக்குதான்னே தெரில" என்பான். சில நாட்களில் எனக்கும் அதே சந்தேகம் வந்தது.

இனி சரோஜம்மா கடை.

மலைக்குப் போகும் சாலையில் இருந்தது அந்த நாட்டு மருந்துக் கடை. சரோஜம்மாவின் மாமனாருக்கும் முந்தைய தலைமுறைக் கடை. ஒரு காலத்தில் இங்கிலீஷ் மருந்தும் அங்கேயே கலந்து கொடுத்தார்களாம். கலங்கிப்போன நீலப் புட்டிகள் சில பரணில் கிடந்தன. சரோஜம்மா திருவாலங்காட்டில் கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்து, இந்த வீட்டுக்கு வாழ வந்தவர். பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார். கடையை மூடிவிடு என்று உறவெல்லாம் சொல்ல, அவர் கல்லாவில் போய் உட்கார்ந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாமல் எப்படி மருந்து எடுத்துக் கொடுத்தார் என்றால், அதற்குப் பதில் கடையின் இடப்பக்கச் சுவரில் இருந்தது. ஆள் உயரத்தை விடப் பெரிய வரைபடம். நடுவில் திருத்தணி மலை, உச்சியில் குட்டியாகக் கோயில். மேலே நகரி, நாகலாபுரம், திருப்பதி மலைகள். இடது ஓரம் ஜவ்வாது மலை. வலது ஓரம் கடல். கீழே தூரத்தில் கொல்லிமலை. அரக்கோணத்திலிருந்து ரயில் பாதை கறுப்புக் கயிறு மாதிரி நாலு பக்கமும் ஓடியது, எந்த மலைச் சரக்கு எந்த வழியாக வரும் என்று காட்ட. செடிகள் மலைகளை விடப் பெரியவை. திருப்பதி மலைமேல் செஞ்சந்தன மரம், ஜவ்வாதில் கடுக்காய், கடலோரம் தாழை, ஏரிக்கரைகளில் கரிசலாங்கண்ணி. நன்னாரி வேர் ஒன்று நகரி மலையில் புறப்பட்டு ரயில் பாதை வரை இறங்கி வந்தது. தமிழிலும் தெலுங்கிலும் பெயர்கள். கல் அச்சில் கோடுகளை அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டியது.

கடைக்கு வருபவர் மருந்துச் சரக்கின் பெயர் சொல்வார். சரோஜம்மா, "படத்துல காட்டு" என்பார். படிக்கத் தெரிந்தவர் பெயரைத் தேடி விரல் வைப்பார். இலையையும் இடத்தையும் சரோஜம்மா பார்த்துக்கொள்வார். பிறகு எதிர்ச் சுவரில் இருக்கும் அலமாரிகளை அதே மாதிரி அடுக்கிவிட்டார். கடலோரச் சரக்கெல்லாம் வலது ஓரத் தட்டில். கொல்லிமலை தரையோடு. திருப்பதிக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஒரு சுவரில் நாடு, எதிர்ச் சுவரில் அதே நாடு ஜாடி ஜாடியாக. நடுவில் அவர்.

முதல் தடவை இதைப் புரிந்துகொண்டபோது நான் படத்துக்கும் எதிர்ச் சுவருக்கும் மாறி மாறித் திரும்பினேன். கோமதி மேடம் எழுந்து நின்றுவிட்டார்.

அந்தக் கடை இடிபட இருந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு முன் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று முடிவாகி, வரிசையாகக் கடைகளுக்குக் குறி போட்டுவிட்டார்கள். சரோஜம்மாவுக்கு வேறு இடம் கிடைத்திருந்தது. ஜாடிகள் போய்விட்டன. படம் போகவில்லை. அது சுவரில் மாட்டியது இல்லை, ஒட்டியது. சுவரோடு சுவராக இருந்தது.

எங்களைத் தேடி அவரே கல்லூரிக்கு வந்தார். "அத்த பிச்சு எடுக்க முடியுமா மேடம்?" என்று கேட்டார். மேடம் யோசித்துவிட்டு, "முடியலாம். கிழிஞ்சும் போகலாம்" என்றார்.

"கிழிஞ்சா நான் குருடி. புதுக் கடையில ஜாடிய எங்க வெக்கறதுன்னு கூடத் தெரியாது. பாத்துப் பண்ணுங்க."

சொன்னது அவ்வளவுதான். நான் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

வெயில் காலம் முடிந்தும் வெயில் முடியாத நாட்கள் அவை. தாள் அப்பளம் மாதிரி இருந்தது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு நானும் அவரும் ஒவ்வொரு வண்ணத்தையும் சோதித்தோம். பஞ்சு முனையை லேசாக நனைத்து ஒரு பூவின் ஓரத்தில் வைத்து எடுத்தால் போதும். சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. மஞ்சளும் வந்தது. ஆக, முன்பக்கம் தண்ணீர் ஆகாது. கறுப்புக் கோடு அசையவில்லை. இலைகளின் பழுப்பு வரவில்லை. ஆனால் இலை இருந்த இடங்களில் தாள் கருகியிருந்தது. நகம் பட்டால் இலை வடிவத்திலேயே உதிர்ந்துவிடும் போலிருந்தது.

மேடம் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டுச் சொன்னார். "இந்த எலையெல்லாம் ஒரு காலத்துல பச்சையா இருந்திருக்கும் சரோஜம்மா. செம்புக் களிம்புல செஞ்ச பச்சை. செப்புப் பாத்திரத்துல பிடிக்குமே, அதேதான். பூசினப்போ ரொம்ப அழகா இருக்கும். நாளாக நாளாகத் தாளை எரிச்சுப் பழுப்பாயிடும்."

சரோஜம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "போங்க மேடம். நான் கட்டிகினு வந்த நாளா இப்படித்தான் கீது. நாம விக்கறது காஞ்ச சரக்கு. பச்சை எலைய வரைஞ்சு மாட்டினா ஜனங்க பச்சை எலையக் கேக்காதா? வரைஞ்சவன் வெவரமாத்தான் காஞ்ச எலைய வரைஞ்சிருக்கான்."

அதில் ஒரு நியாயம் இருந்தது. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மறுக்கவில்லை.

மெல்லிய தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, தண்ணீர் மிகவும் குறைந்த பசையால் படத்தின் முகம் முழுக்க ஒட்டினோம். கத்தரிக்கக் கூடாது, கிழிக்க வேண்டும். கத்தரித்த ஓரம் கோடாகப் பதியும். கிழித்த ஓரத்தின் நார் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். உதிரப் பார்க்கும் இலைகளை அந்தத் தாள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்குப் போகும்போது மலை தாண்டிப் போகிற மாதிரியே இருக்கும். ஜவ்வாதில் காலையில் ஆரம்பித்தால் கடலுக்கு வரும்போது கழுத்து திரும்பாது.

பாபு வடிகால் வேலைக்கு விற்கும் பெரிய பிவிசி பைப் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். அதன்மேல் பருத்தித் துணி சுற்றினோம். படத்தை மேலிருந்து பிரித்துக்கொண்டே பைப்பில் சுருட்டி இறக்குவது திட்டம். எதிரில் டீக்கடைக்காரர், "இன்னா பாபு, சாக்கடை அடைச்சுகிச்சா?" என்றார். "ஆங், உன் டீயக் குடிச்சு" என்றான் பாபு.

சுவரின் மேல் ஓரத்தைக் கொஞ்சம் கிளப்பிப் பார்த்தபோது தாளுக்குப் பின்னால் துணி தெரிந்தது. மெல்லிய கைத்தறி மல். பாவு நூலும் ஊடை நூலும் ஒரே பருமன். எங்கள் வீட்டுப் பக்கத்துத் துணிதான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எனக்குள் ஒரு மிதப்பு வந்தது. நெய்கிறவனுக்குப் பசை என்றால் கஞ்சி. பிறந்ததிலிருந்து அந்தக் கஞ்சி நாற்றத்தில் வளர்ந்தவன் நான். இதுவும் கஞ்சிப் பசைதான், நன்றாக ஆவி காட்டி ஊறவைத்தால்தான் இளகும் என்று மேடத்திடம் உறுதியாகச் சொன்னேன்.

இடிக்கக் குறித்திருந்த நாளுக்கு முந்தின நாள் காலை வேலையை ஆரம்பித்தோம். சாலையின் எதிர்ப்பக்கம் மண் தோண்டும் எந்திரம் வந்து நின்றுவிட்டது. அதை ஓட்டுகிறவர் நகரிக்காரர், பாஸ்கர் என்று பெயர். எங்கள் வேலை முடியாமல் அவர் வேலை நடக்காது என்பதால் வாசலில் ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கெட்டிலில் வந்த ஆவியை மேல் மூலைக்குப் பின்னால் தாராளமாகக் காட்டினேன். ஒரு வாசனை எழுந்தது. கஞ்சி நாற்றம் இல்லை. வசம்பு வாசனை. என்ன என்று யோசிப்பதற்குள் மூலை முழுதும் சுவரை விட்டு வழுக்கிச் சரிந்தது. திருப்பதி மலை என் முகத்துக்கு நேரே தொங்கியது.

"டேய் தணிகா!" என் பெயரைக் கத்திக்கொண்டே பாபு ஸ்டூலிலிருந்து பாய்ந்து இரண்டு உள்ளங்கைகளாலும் படத்தைச் சுவரோடு தாங்கிப் பிடித்தான். "எந்த மலைய எறக்கினு போறே? இரு, நான் புடிச்சிகினு கீறேன்."

கோமதி மேடம் வந்தார். தாளைக் கிளப்ப நான் வைத்திருந்த மூங்கில் தகட்டை வாங்கினார். கெட்டிலின் சுவிட்சை அணைத்தார். "டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்தேன். சரோஜம்மா வாசலில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "கிழிஞ்சுதா?"

"இல்லம்மா. கஞ்சி இவ்வளவு சீக்கிரம் எளகாது. இது எப்படி எளகிச்சுன்னு தெரியல."

அவர் தலைப்பை எடுத்தார். "கஞ்சியா? யாரு சொன்னது?"

"நான்தான். துணிய வெச்சு..."

"ஏன் நைனா, மருந்துக் கடைக்காரன் கஞ்சியத் தேடி எங்க போவான்? கடையில கருவேலம்பிசினு மூட்ட மூட்டயா கீதே! மாத்திரை உருட்டறதுக்கும் புட்டில சீட்டு ஒட்டறதுக்கும் அதத்தான கரைச்சு வெச்சிருப்பாங்க. பூச்சி வராம இருக்க வசம்பத் தட்டிப் போட்டிருப்பாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பயத்துக்கு நடுவிலும் சிரித்தார். "தறிக்காரன் புத்தி தறியில."

பாஸ்கரும் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. நெசவாளி வீட்டுப் பையன் உலகத்தையே கஞ்சி போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். பாதி டீயை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

பிசின் என்றால் எல்லாம் மாறுகிறது. கஞ்சியை ஊறவைக்க வேண்டும். பிசினுக்கு ஈரத்தின் வாசம் பட்டால் போதும். நல்ல செய்தி, அதே நேரம் ஆபத்தான செய்தி. ஈரம் கூடினால் முழுப் படமும் ஒரே சரிவாகச் சரியும். மேடம் துணியை நனைத்து, முறுக்கிப் பிழிந்து, இன்னொரு உலர்ந்த துணியில் சுற்றி, அதை மூங்கில் தகட்டின் முனையில் கட்டினார். அந்த அளவு ஈரம். தகட்டை உள்ளே விட்டு, நிறுத்தி, மூச்சை எண்ணி, ஒரு விரல் அகலம் நகர்த்த வேண்டும். அவர் தகடு பிடித்தார். நானும் பாபுவும் ஆளுக்கொரு பக்கம் பைப்பைப் பிடித்து, விட்டு வந்த அளவுக்கு மட்டும் சுருட்டினோம்.

எல்லோர் கண்ணும் தகட்டு முனையில்தான்; மேலே திறந்துகொண்டே போன சுவரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேலிருந்து மலைகள் ஒவ்வொன்றாக வந்தன. முகத்தில் ஒட்டிய மெல்லிய தாளுக்கு அடியில் மங்கலாகச் செஞ்சந்தனம் பைப்பைச் சுற்றி வளைந்து மறைந்தது. நாகலாபுரம் போயிற்று. நன்னாரி வேர் மிக நீளம், அது முடிகிறவரை என் தோள் வலித்தது. கருகிய இலைகள் வரும்போது மேடம் மூச்சை நிறுத்துவார், அதைப் பார்த்து நாங்களும் நிறுத்துவோம். ஏரிக்கரைக் கரிசலாங்கண்ணியில் ஓர் இலை படக்கென்று ஓசையிட்டது. மேலே ஒட்டிய தாள் பிடித்துக்கொண்டது. உதிரவில்லை. மேடத்தின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டப் பார்க்க, சரோஜம்மா தலைப்பை நீட்டித் துடைத்தார். மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதிய வெயில் வாசலில் ஏறியிருந்தபோது கொல்லிமலை சுவரை விட்டு வந்தது. கீழ் ஓரம் கடைசியாக ஒரு முத்தச் சத்தத்தோடு விடுபட்டது. பைப்பை இரண்டு பேரும் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மேசைமேல் கிடத்தினோம். மேடம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தடவிப் பார்த்தார். சரோஜம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். 

"முழுசா இருக்கு" என்றார் மேடம்.

சரோஜம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் நால்வரும் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.  வாசலில் இருந்த பாஸ்கரின் குரல்தான் எங்களைத் திருப்பியது.

"ஏம்மா, சுவத்துல யார் வரைஞ்சது?"

திரும்பினோம்.

சுவர் பச்சையாக இருந்தது. முழுச் சுவரும் இல்லை; இலைகள் மட்டும். மலை இல்லை, ரயில் பாதை இல்லை, பூ இல்லை, ஒரு எழுத்து இல்லை. வெள்ளைச் சுண்ணாம்பின்மேல், தாளில் இலை இருந்த அதே இடங்களில், இலைகள். மயில் கழுத்துக்கும் நெல் நாற்றுக்கும் நடுவில் ஒரு பச்சை. கடுக்காய் இலையின் நரம்புகூடத் தெரிந்தது. நேற்று தளிர்த்த மாதிரி இருந்தது.  ஏன் என்று தெரியாமல் செருப்பைக் கழற்றினேன். பாபுவும் கழற்றியிருந்தான்.

கோமதி மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே விளக்கினார். ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சுவர் ஈரம் குடித்திருக்கிறது. பிசின் இளகியிருக்கிறது. தாளிலிருந்த செம்புப் பச்சை, தாளையும் துணியையும் கடந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இறங்கியிருக்கிறது. மிச்சம் நின்றது தாளை எரித்துப் பழுப்பாயிற்று. இறங்கியதைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டு பச்சையாகவே வைத்திருக்கிறது. படத்துக்குப் பின்னால், யார் கண்ணும் படாமல். இதைச் சொல்லிவிட்டு, "நான் இப்படிப் பார்த்ததில்லை" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதும் அந்த ஒருமுறைதான்.

படம் எடுத்தோம். மேடத்தின் கேமராவிலும் பாபுவின் போனிலும். அந்தப் பச்சை எதிலும் விழவில்லை. ஒன்றில் நீலமாகவும் ஒன்றில் சாம்பலாகவும் வந்தது. சாலை வேலைப் பொறியாளர் போன் செய்து இன்றைக்கே இடித்தால் நல்லது என்று பாஸ்கரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பாஸ்கர், "ஆங் சார், ஆங் சார்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் உட்கார்ந்தே இருந்தார்.

பூச்சு உதிரும் நிலையில் இருந்தது. மொத்தச் சுவரை எடுக்க வழியே இல்லை. மேடம் எழுந்து சரோஜம்மாவிடம் வந்தார். "ஒரு துண்டு வெட்டி எடுக்க முயற்சி பண்ணலாம். ஒரு செடி. எதுன்னு நீங்க சொல்லுங்க. அதிகநேரம் இல்ல."

சரோஜம்மா சுவருக்குப் போனார். வலது ஓரத்தில், கடல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்றார். ஓர் இலையின்மேல் விரல் வைத்தார்.

"தாழை" என்றார்.

அதுதான் வேண்டுமோ என்று நான் உளியை எடுத்தேன். அவர் அடுத்த இலைக்குப் போனார். "நீர்முள்ளி. கரிசலாங்கண்ணி. இது வல்லாரை." அவர் தேர்ந்தெடுக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தார். எழுத்து ஒன்றுகூட இல்லாத சுவரை, இடம் பார்த்து, வடிவம் பார்த்து, வாய்விட்டுப் படித்தார். "ஆடாதோடை. அடியே, நீ இவ்ளோ பச்சையா? உன்ன நான் சருகாத்தான பாத்துகினு கீறேன். நெலவேம்பு. சிறுகுறிஞ்சான்." ஒவ்வொன்றையும் தொட்டார். சிலவற்றிடம் பேசினார். தரையோடு குனிந்து கொல்லிமலையின் மிளகைத் தொட்டார். ஜவ்வாதில் கடுக்காயைத் தொட்டு, "மேடம், நீங்க சொன்னது ரைட்டு" என்றார், திரும்பாமல். தெருவில் போன காவடிக்காரர்கள் இரண்டு பேர் உள்ளே வந்து ஓசையின்றி நின்றார்கள். ஸ்டூலைப் பாபு நகர்த்தி நகர்த்திப் போட்டான். உளி என் கையிலேயே இருந்தது. மேடம் என்னைப் பார்த்து, கீழே வை என்று கையைக் காட்டினார்.

மேலே, நகரி மலைக்குப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. அங்கே நீளக் காம்பும் மும்மூன்று இலைகளுமாக ஒரு கொத்து.

"இது யாரு?"

எனக்குத் தெரியவில்லை. படத்தில் அந்த இடத்தில் செடியே இல்லை. தாள் என்றோ உதிர்ந்துபோய், யாரோ காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டு போட்டிருந்த இடம் அது. சரோஜம்மா அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்ட செடி. பெயரும் தாளோடு போயிருந்தது. மேடத்தைக் கேட்டார், மேடத்துக்கும் தெரியவில்லை. காவடிக்காரர்களைக் கேட்டார். பாபுவைக் கேட்டார். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

பெட்டியிலிருந்து எழுந்து வந்த பாஸ்கர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இத்த நான் பாத்துகீறேன்மா. எங்க மலையில கீது. ஓடை எறங்கற எடத்துல. பேரு தெரியாது."

"நெஜமாவா? எலை இப்படியே மூணு மூணா?"

"ஆமாம்மா. மாடு வாய் வெக்காது. கசக்கினா கையி மணக்கும்."

"இன்னா மணம்?"

அவர் யோசித்தார். "சொல்லத் தெரிலம்மா. மோந்து பாத்தாத்தான்."

பொறியாளரின் போன் மறுபடியும் அடித்தது. பாஸ்கர் எங்களைப் பார்த்தார். மேடம் சரோஜம்மாவைப் பார்த்தார். "எதை வெட்டட்டும்?"

"ஒண்ணும் வேணாம் மேடம்" என்றார் சரோஜம்மா. ஸ்டூலிலிருந்து இறங்கினார். "எல்லாத்தையும் பாத்துட்டேன்."

பைப்பை வண்டியில் ஏற்றிக் கட்டினோம். பாஸ்கர் எந்திரத்தில் ஏறினார். முன்கூரையிலிருந்து ஆரம்பித்தார். அந்தச் சுவரைக் கடைசிக்கு வைத்தார் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. அதுவும் போயிற்று. விழுந்தபோது எழுந்த தூள் சுண்ணாம்புத் தூள்தான், வெள்ளையாக. அதில் எந்தப் பச்சையும் இல்லை.

தூசியில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சரோஜம்மாவைத் தேடினேன். அழுதுகொண்டிருப்பார், தண்ணீர் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர் எந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி நின்று, தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, அந்த இரைச்சலுக்கு மேல் கத்திக்கொண்டிருந்தார்.

"நகரியில எறங்கி எந்தப் பக்கம் போவணும்?"

"இன்னாம்மா?"

"அந்த ஓடைக்கு! பஸ்ஸ வுட்டு எறங்கி சோத்துக்கை பக்கமா, பீச்சாங்கை பக்கமா?"

பாஸ்கர் எஞ்சினை நிறுத்தாமலே, கையை நீட்டி வழி சொல்ல ஆரம்பித்தார்.